மறு: நெகிழ்வான மாதிரிவழிப் பொறியியல் – ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஈரோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். இறுதியாண்டு மாணவர்களுக்குத் தமிழிலேயே இரண்டு நாள் பயிலரங்கு வைத்திருக்கிறோம். கையேடு வெள்ளிக்கிழமை காலை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, ஒரு சொல்லுக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். நிரலை நேரடியாக எழுதாமல், முதலில் அமைப்பின் மாதிரியைக் கட்டங்களும் கோடுகளுமாக வரைகிறோம். நிரலை அதிலிருந்து கருவியே உருவாக்கிக் கொடுக்கும். அந்த மாதிரிக்கு மேலே இன்னொரு மாதிரி உண்டு, மேல்மாதிரி என்று. என்னென்ன வகைக் கட்டம் இருக்கலாம், எதை எதோடு இணைக்கலாம் என்று விதி சொல்வது அதன் வேலை. கருவி அந்த விதியை இம்மியும் விட்டுக்கொடுக்காது.

போன வாரம் வகுப்பில் விடுதி மெஸ் கணக்கை எடுத்துக்கொண்டோம். கரும்பலகையில் மாணவர், டோக்கன், சாப்பாடு என்று மூன்று கட்டம். ஒரு பெண் எழுந்து வந்து ஓரத்தில் ‘அப்பா’ என்று நாலாவது கட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் அப்பாவும் மெஸ்ஸில்தானே சாப்பிடுகிறார், அந்த டோக்கன் யார் கணக்கு என்று கேட்டாள். அருமையான கேள்வி. பலகையில் அதற்கு அரை நிமிடம் ஆனது. கருவியில் வரையப் போனால் அப்படியொரு வகையே கிடையாது. வகை இல்லாத கட்டத்தை அது வைக்கவே விடாது. மேல்மாதிரியைத் திருத்தி, கருவியை மறுபடி உருவாக்கி, திறந்து பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

முதலில் வரைய விடு, விதி மீறினால் குறித்து வை, பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் முயற்சிகள் நடக்கின்றன. அதற்குத்தான் பெயர் வேண்டும். போகப் போகத் திருத்திக்கொண்டே மென்பொருள் செய்யும் ‘அஜைல்’ முறையோடு சேர்வதால் ‘நெகிழ்வான சுறுசுறுப்பு மாதிரியாக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். வாயில் நிற்கவில்லை.

– ஈரோடு

*

மேடம், வணக்கம்.

மாடல், மெட்டாமாடல், அஜைல் என்றே எழுதிவிடுங்கள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கார் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு சிமுலிங்க் என்ற கருவியில் மாடல் வரைகிறோம், சி மொழி நிரல் அதிலிருந்து தானாக வருகிறது. எங்கள் அறையில் இருக்கும் அத்தனை பேரும் தமிழர்கள்தான். ‘மாதிரி’ என்று யாராவது சொன்னால் சாம்பிள் கேட்கிறார் என்றுதான் நினைப்போம். உங்கள் மாணவர்களுக்கும் ‘மாதிரி வினாத்தாள்’தான் நினைவுக்கு வரும்.

– கோவை

*

அன்பு மகளுக்கும் கோவைத் தம்பிக்கும்,

நாற்பதாண்டு தமிழ் கற்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அஜைல் வேண்டாம். தொல்காப்பிய உரியியலில் ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்று இரண்டு சொற்கள் ஈராயிரம் ஆண்டாகக் காத்திருக்கின்றன. குதிரைக்கும் தேருக்கும் ‘துனை’ அடைமொழியாக வருவதைச் சங்கப் பாட்டில் காணலாம். ‘துனைமுறை’ என்று வைத்தால் இரண்டே அசை, சுருக்கமும் அழகும் சேர்ந்து வருகின்றன.

‘மாதிரி’ பற்றியும் ஒன்று. சங்க நூல்களில் ‘மாதிரம்’ என்றால் திசை, வானம். திசைகாட்டுவது என்ற பொருளில் அதிலிருந்தே மாதிரி கிளைத்தது என்பது என் நெடுநாள் எண்ணம். வடமொழி ‘மாத்திரை’யிலிருந்து வந்தது என்பாரும் உளர். ‘மா’ என்னும் வேர் அளத்தலைக் குறிப்பது. நில அளவில் மா, எண்ணளவில் மா (இருபதில் ஒரு பங்கு), இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால்...

(இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.)

– தஞ்சை

*

ஐயா, துனைவு நல்ல சொல். ஆனால் பொருள் தப்பாகிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையில்தான் அஜைல் என்ற பெயர் நிலைபெற்றது. போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டு போவதைவிட மாற்றத்துக்கு ஏற்ப நடப்பது மேல் என்பது அதில் ஒரு வரி. வேகத்தைவிட வளைந்துகொடுப்பதுதான் அங்கே முக்கியம். குதிரை வேகமாக ஓடும், ஆனால் லாயத்தை மாற்றிக் கட்டாது.

மாதிரியிலிருந்தே மென்பொருளை எடுக்கும் கட்டமைப்பை, மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓ.எம்.ஜி. அமைப்பு ஏற்றதும் அதே 2001இல்தான். யூ.எம்.எல். வரைமொழியை அது ஏற்றது 1997இல். ஒரு கூட்டம் எல்லாவற்றையும் முதலிலேயே வரையறுக்கச் சொன்னது, இன்னொரு கூட்டம் போகப் போகத் திருத்திக்கொள்ளலாம் என்றது. இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைப்பதுதான் மேடம் கேட்கும் விஷயம்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. ஒரு வாடிக்கையாளருக்காக வேலை செய்தபோது, கடைசி வாரத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. மாதிரியைத் திருத்த ஒப்புதல் வாங்க நாள் இல்லை, உருவாகி வந்த நிரலில் கையாலேயே பதினோரு வரி சேர்த்தேன். அடுத்த மாதம் வேறொருவர் மாதிரியிலிருந்து நிரலை மறுபடி எடுத்தார். என் பதினோரு வரியும் போய்விட்டது. ஏன் வண்டி நடுங்குகிறது என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. கருவி அந்த மாற்றத்தை அரைகுறையாகவாவது மாதிரிக்குள்ளேயே வைக்க விட்டிருந்தால் அது நடந்திருக்காது.

– கோவை

*

அனைவருக்கும் வணக்கம். எங்கட பக்கத்துப் பாடநூல்களில் ‘மாதிரியுரு’ என்று இருக்கிறது. அணு மாதிரியுரு என்று பள்ளியிலேயே படித்துவிடுவோம், சாம்பிள் குழப்பம் வராது. அக்கா அதை எடுத்துக்கொள்ளலாம்.

கோவை அண்ணைக்கு ஒன்று. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். 1875இல் வந்த வேதியியல் நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்தார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி பூட்டினால் எல்லாருக்கும் விளங்கும் என்பது அவருடைய எண்ணம். நியாயமான எண்ணம்தான். இன்று அது யார் வாயிலும் இல்லை, வேதியியலும் இரசாயனவியலும்தான் நின்றன. ஓசையை மட்டும் கடன் வாங்கின சொல் பிள்ளைக்கு வேறொன்றையும் சொல்லிக்கொடுப்பதில்லை.

நெகிழ்வு பற்றி ஐயா ஒன்றும் சொல்லவில்லையே? குறுந்தொகையில் ‘இலங்குவளை நெகிழ’ என்று வரும். வளை அப்படியே இருக்கிறது. கை மெலிந்ததால் பிடிப்புத்தான் விட்டுப்போகிறது. இங்கேயும் மாதிரி நெகிழவில்லை, மேல்மாதிரியின் பிடிதான் நெகிழ்கிறது.

– யாழ்ப்பாணம்

*

யாழ்ப்பாணத்துத் தம்பி, கைப்பிடியைச் சொன்னது சரியாக இருக்கிறது. ஆனால் அந்த நெகிழ்வு பிரிவுத் துயரின் அடையாளம். பொறியியலுக்குப் பொருந்துமா? நெகிழி என்று வேறு ஒன்று ஏற்கெனவே குப்பையில் கிடக்கிறது. துனைமுறையை நான் விடவில்லை.

– தஞ்சை

*

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கணினி எனக்குத் தெரியாது, இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஈரோட்டு டீச்சரின் ‘அப்பா’ கட்டத்தைப் படித்ததும் தோன்றியது. எங்கள் பாடத்தில் வழாநிலை, வழு, வழுவமைதி என்று மூன்று உண்டு. விதிப்படி இருப்பது வழாநிலை, விதி மீறியது வழு. மீறியிருந்தாலும் ஒரு காரணம் கருதி ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டால் வழுவமைதி. வாசலுக்கு வந்த பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்கிறோமே, அது திணை வழுவமைதி. பெற்ற மகளை ‘வாடா ராசா’ என்றால் பால் வழுவமைதி. பசு உயர்திணை ஆகிவிடவில்லை, விதியும் அழியவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தைத் தள்ளுவதும் இல்லை. நீங்கள் தேடுவது இதுதானா?

– மதுரை

*

இதுதான்! இதேதான், மதுரை டீச்சர்.

விதிக்கு இணங்கியது வழாநிலை மாதிரி. இணங்காதது வழு. இணங்காவிட்டாலும் காரணம் எழுதி வைத்துக்கொண்டு கருவி ஏற்பது வழுவமைதி மாதிரி. ‘அப்பா’ வகையில்லாமலே உள்ளே வரலாம், பக்கத்தில் ‘ஞாயிறு விருந்தினர், வகை பிறகு’ என்று ஒரு குறிப்பு போதும். பயிலரங்கில் முதல் மணி நேரமே இதை வைத்துத் தொடங்குவேன்.

அப்புறம் மேல்மாதிரியை ‘மாதிரி இலக்கணம்’ என்று சொல்லலாமா என்றும் ஒரு நினைப்பு.

– ஈரோடு

*

சொல்லலாம் அக்கா. ‘எள்ளின்றாகில் எண்ணெயும் இன்றே’ என்று பழைய சூத்திரம் உண்டே, இலக்கியத்திலிருந்துதான் இலக்கணம் எடுபடும் என்று. பிள்ளைகள் முதலில் எடுத்துக்காட்டுகளை வரையட்டும், பிறகு அவற்றிலிருந்து விதியைப் பிழிந்து எடுப்போம் என்று வேலை செய்கிற ஆய்வாளர்களும் இந்தத் துறையில் இருக்கிறார்கள். கீழிருந்து மேலே போகிற முறை அது.

– யாழ்ப்பாணம்

*

மன்னிக்கவும், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் பல வருடமாக நிரலில் வரும் பிழைக்கு ‘வழு’ என்று எழுதிப் பழகிவிட்டார்கள். ‘வழுவமைதி மாதிரி’ என்று படிக்கிற பையன், பிழையோடு அனுப்பினாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டால்? எஞ்சின் பெட்டியில் அந்த எண்ணம் ஆபத்து. வரைகிற நேரத்தில் தளர்வு இருக்கட்டும், நிரல் எடுக்கிற நேரத்தில் ஒரு வழுவும் இருக்கக் கூடாது. அந்த எல்லைக்கோட்டை உங்கள் சொல் காட்டவில்லை.

– கோவை

*

எனக்கும் ஓர் ஐயம். வழுவமைதியை ஏற்பவர் இலக்கண ஆசிரியர். கருவியில் அந்த ஆசிரியர் யார்? வரைந்த மாணவியா, விதி வகுத்தவரா, கருவியா? இதற்கு விடை சொல்லாமல் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது தவறு. ‘மொழிப் பொருட்காரணம் விழிப்பத் தோன்றா’ என்று தொல்காப்பியரே சொல்லியிருக்கிறார், அதனால் பெயர்க்காரணத்தில் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. இந்த ஒரு கேள்வி மட்டும் உறுத்துகிறது.

– தஞ்சை

*

ஐயா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் முழு விடை இல்லை. கேள்வியை அப்படியே பயிற்சியாகக் கையேட்டில் சேர்த்துவிட்டேன்: ‘அப்பா’வை ஏற்கும் உரிமை யாருக்கு?

இப்போது வியாழன் இரவு பதினொன்று. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்து ஏழு பேர் வழுவமைதிக்கு, மூன்று பேர் எதிராக. எனவே கையேட்டில் மாதிரியுரு, மாதிரி இலக்கணம், வழாநிலை, வழுவமைதி மாதிரியாக்கம் என்று போகிறது. கோவை சார் கேட்ட எல்லைக்கோட்டைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்: நிரல் எடுக்கும்முன் எல்லா வழுவமைதியையும் தீர்க்க வேண்டும். அஜைலுக்கு மட்டும் ஒருமித்த சொல் அமையவில்லை. அஜைல் என்றே விட்டு, அடிக்குறிப்பில் துனைமுறையும் கொடுத்திருக்கிறேன்.

– ஈரோடு

*

தடித்த எழுத்துக்கு நன்றி மேடம். என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். பயிலரங்கு முடிந்த பிறகு, மாணவர்கள் தங்களுக்குள் எந்தச் சொல்லைப் பேசினார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

– கோவை

*

அடிக்குறிப்பு எத்தனையாம் பக்கம், மகளே? மாதிரம் பற்றிய மடல் தயாராகிவிட்டது, நாளை அனுப்புகிறேன்.

– தஞ்சை