வைரம் இரண்டு நாட்டிலும் உண்டு, போர் ஒன்றில் மட்டும் ஏன்?

கயல்: சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரம்தான் காரணம் என்கிறார்கள். போட்ஸ்வானாவும் வைரத்தை நம்பிய நாடுதானே? அங்கே ஏன் போர் வரவில்லை?

மாறன்: கல் எப்படிக் கிடக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். போட்ஸ்வானாவின் ஒராப்பா, ஜ்வானெங் சுரங்கங்களில் அது கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறைக்குள் இருக்கிறது. வெடி வைத்துத் தகர்த்து, பெரிய லாரிகளில் ஏற்றி, ஆலையில் நொறுக்க வேண்டும். சுற்றிலும் வேலி போட்டுவிட்டால் காவல் எளிது, வருமானமும் கருவூலத்துக்கு வந்து சேரும்.

சியரா லியோனின் கோனோ, டோங்கோ பகுதிகளில் ஆறு அடித்து வந்த சரளையில் கல் சிதறிக் கிடக்கிறது. மேல்மண்ணை நீக்கி, சரளையை அள்ளி, சல்லடையில் அலச வேண்டும். மண்வெட்டியும் வாளியும் சல்லடையும் போதும். மைல் கணக்கில் பரந்த ஆற்றுப்படுகையை யார் காவல் காப்பது? கிளர்ச்சிப் படையான புரட்சிகர ஐக்கிய முன்னணி ஊர்க்காரர்களைத் துப்பாக்கி முனையில் குழியில் இறக்கியது. கற்கள் லைபீரியா வழியாக வெளியே போயின, ஆயுதங்கள் அதே வழியில் உள்ளே வந்தன.

செழியன்: மண்ணியல் விளக்கம் சரி. ஆனால் வைரம் போரை நீட்டித்தது என்பேன், மூட்டியது என்று சொல்ல மாட்டேன். 1978இல் சியரா லியோன் அதிபர் சியாகா ஸ்டீவன்ஸ் நாட்டை ஒரு கட்சி ஆட்சியாக்கினார். வைரப் பணம் ஆட்சியாளர்களின் கூட்டாளிகளுக்குப் போனது, இளைஞர்களுக்கு வேலையில்லை. அந்தக் கோபம் முன்னமே இருந்தது. 1999இல் அரசும் கிளர்ச்சிப் படையும் செய்துகொண்ட லோமே அமைதி ஒப்பந்தமோ கிளர்ச்சித் தலைவர் ஃபோடே சங்கோவையே கனிம வள ஆணையத்துக்குத் தலைவராக்கியது! மறு ஆண்டே அவருடைய ஆட்கள் ஐ.நா. அமைதிப்படையினர் நூற்றுக்கணக்கானோரைப் பிணை பிடித்தார்கள்.

அங்கோலாவின் உள்நாட்டுப் போரையும் பாருங்கள். கிளர்ச்சிப் படையான யுனிட்டாவுக்கு ஆற்று வைரம், அரசுக்குக் கடலடி எண்ணெய். காட்டிலிருக்கும் படையால் கடலில் எண்ணெய் எடுத்து விற்க முடியாது.

கயல்: இப்போது மோதல் வைரம் சந்தைக்கு வராமல் தடுக்கும் கிம்பர்லி சான்றிதழ் இருக்கிறதே, அது போதாதா?

மாறன்: 2003 முதல் நடப்பில் இருக்கிறது, பயனும் உண்டு. ஓட்டைகள் இரண்டு. சான்றிதழ் பட்டை தீட்டாத கற்களின் பொதிக்குத்தான், தனிக் கல்லுக்கு இல்லை. சூரத்தில் பட்டை தீட்டியபின் சான்றிதழ் கல்லோடு கூடவே வருவதில்லை. அடுத்தது, கிளர்ச்சிக்காரர்கள் அரசை எதிர்த்துப் போரிடப் பயன்படுத்தும் கல் மட்டுமே அதன் கணக்கில் 'மோதல் வைரம்'. 2008இல் ஜிம்பாப்வேயின் மராங்கேயில் அரசுப் படையே தோண்டுபவர்களைச் சுட்டுக் கொன்றது. அந்தக் கற்கள் இந்த வரையறைக்குள் வரவில்லை.