மறு: ‘வேப்பர் லாக்’ – ஆவிப்பூட்டா, ஆவியடைப்பா?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய கார் கையேட்டுக்கு நாம் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கும் ‘வேப்பர் லாக்’ (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, இன்ஜினுக்குப் போகாமல் தடைபடுவது) பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> வேப்பர் லாக் = ஆவிப்பூட்டு. நேரடியாக இருக்கிறது, சின்னதாகவும் இருக்கிறது. இதையே வைத்துவிடலாமே?

சின்னதுதான். ஆனால் இந்தச் சொல் எங்கே வரப்போகிறது என்று பாருங்கள். பழைய கார்களுக்கான கையேட்டில், ‘வண்டி திடீரென்று ஆஃப் ஆகிறது, மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை’ என்ற பகுதியில், காரணங்களுள் ஒன்றாக வரும். அங்கே ஆவிப்பூட்டு என்று படிப்பவர், ஸ்டியரிங் பூட்டு, டிக்கிப் பூட்டு மாதிரி இதுவும் ஒரு பாகம் என்றுதான் நினைப்பார். பானெட்டைத் திறந்து தேடினாலும் தேடுவார்.

நடப்பது வேறு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) வண்டிகளில் பெட்ரோலை இழுக்கும் பம்பு இன்ஜினிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஏசி பம்பு என்பார்கள்; குளிரூட்டும் ஏசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டேங்க் இருப்பதோ வண்டியின் பின்பக்கம். அங்கிருந்து உறிஞ்சி இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் சாதாரணமாகவே 40 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கத் தொடங்கிவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிறோம் என்று வையுங்கள். இரண்டாவது கியரிலேயே முக்கி முனகி வந்து, பர்லியாறில் டீ குடிக்க நிறுத்துகிறோம். இன்ஜின் நின்றதும் ரேடியேட்டர் விசிறியும் நிற்கும், தண்ணீர் ஓட்டமும் நிற்கும். இருக்கிற சூடெல்லாம் பம்புக்கு ஏறுகிறது. டீ குடித்துவிட்டு வந்தால் செல்ஃப் சுற்றும், வண்டி எடுக்காது. பம்புக்குள் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, ஆவி. பம்புக்குள் அசையும் சவ்வான டயாஃப்ரம் அமுக்கினால் ஆவி சுருங்கும், விட்டால் விரியும், கார்புரேட்டர் பக்கம் நகராது. பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் சரியாகிவிடும்.

இதில் பூட்டு எங்கே இருக்கிறது? குழாயை ஆவி அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆவியடைப்பு என்பதே பொருந்துகிறது.

> மாரடைப்பில் அடைபடுவது மார். மூச்சடைப்பில் அடைபடுவது மூச்சு. அந்தக் கணக்கில் ஆவியடைப்பில் அடைபடுவது ஆவி என்றல்லவா ஆகும்? தவிர, பேயைக் குடத்தில் அடைப்பது போலவும் இருக்கிறது.

முதல் கேள்வி நியாயமானது. ஆனால் சித்த மருத்துவத்தில் கல்லடைப்பு என்று ஒரு நோய் இருக்கிறதே, அங்கே அடைபடுவது கல் இல்லை. கல்தான் சிறுநீரை அடைக்கிறது. சதையடைப்பும் அதே மாதிரிதான். ஆகவே, அடைக்கும் பொருளை முன்னால் வைத்துச் சொல் அமைப்பது தமிழுக்குப் புதிதல்ல. பேய் விஷயம்: ஜலதோஷம் வந்தால் எல்லோரும் ஆவி பிடிக்கிறோம், யாரும் மந்திரவாதியைக் கூப்பிடுவதில்லை.

‘கொதியடைப்பு’ என்று நேற்று வந்த யோசனை காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன். ‘கொதி’ என்பதை இன்னொரு கோளாறுக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிறுத்திய வண்டியில் கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியில் இருக்கும் பெட்ரோலும் கொதிக்கும். அது அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கி இன்ஜினின் உள்வழிக்குள் வழிந்துவிடும். அறிகுறி என்னவோ ஒன்றுதான்: சூடான வண்டி எடுக்காது. ஆனால் அங்கே பெட்ரோல் வரவில்லை, இங்கே அளவுக்கு மேல் வந்துவிட்டது. இதற்கு ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் போதும், காற்று உள்ளே போய்த் தெளிந்துவிடும். ஆவியடைப்பில் எவ்வளவு மிதித்தும் பயனில்லை. பெட்ரோல் வாடை தூக்கலாக அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இதைக் கொதிவழிவு எனலாம்.

டீசல் வண்டியில் ‘ஏர் பிடிச்சிருக்கு’ என்கிறோமே, அது காற்றடைப்பு. எங்கோ கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுவது. அதற்கு ஈரத்துணி போட்டுப் பிரயோஜனமில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி ‘ஏர் எடுக்க’ வேண்டும்.

கையேட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சூடானால் மட்டும் வேலை நிறுத்தம் செய்யும் இக்னிஷன் காயிலும் (பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பாகம்) இதே அறிகுறியைக் காட்டும். ஆறினால் வண்டி கிளம்பிவிடுவதால் பலர் ஆவியடைப்பு என்றே முடிவுகட்டிப் பம்பை மாற்றிவிடுகிறார்கள். அதனால் முதலில் பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அப்புறம் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் சேரும் பெட்ரோல் குழாயை எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்பு சரி. நுரைநுரையாகத் துப்பினால் ஆவியடைப்பு. பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

> அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுவிட்டது. இப்போது இந்தச் சொல் யாருக்கு?

இன்ஜெக்‌ஷன் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிகளில் பம்பு டேங்குக்குள்ளேயே இருந்து அழுத்தித் தள்ளுவதால் இந்தத் தொல்லை அபூர்வம், உண்மை. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கவலை கூடியிருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது. 2023 முதல் 20 சதவீதக் கலப்பும் விற்பனைக்கு வந்துவிட்டது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலோடு கொஞ்சமாகக் கலந்தால் கலவை முன்பைவிட எளிதாக ஆவியாகும். பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். சொல்லுக்கு இன்னும் சில வருஷம் வேலை இருக்கிறது.

மிச்சம் இருப்பது ‘ஹீட் சோக்’, அதாவது இன்ஜினை நிறுத்திய பிறகு ஏறும் சூடு. ‘வெப்ப ஊறல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; எனக்கு ஊறுகாய்தான் ஞாபகம் வருகிறது. ‘பின்சூடு’ என்று வைக்கலாமா? ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கையேட்டின் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.