எங்க ஊர்ல தொழில் பண்ணி மறைஞ்ச டாக்டர்களைப் பத்தி மலர் போடறோம்: விவரத்தை எங்கிருந்து தேடறது?

கொடிவேரி:

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு பேரூராட்சி. 1930-கள்ல இருந்து 2000 வரைக்கும் இங்க ஆஸ்பத்திரி வச்சு மறைஞ்சு போன டாக்டர்கள் பதினாலு பேர் பட்டியல் ஆயிருக்கு. ஆளுக்கு ரெண்டு பக்கம் வீதம் ஒரு மலர், பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு கல்வெட்டு. ஜூலை 1 டாக்டர்கள் தினத்துக்கு முடிக்கணும்.

கையில இருக்கிறது கொஞ்சம் போட்டோ, கருமாதிப் பத்திரிகை அஞ்சாறு, ஒரு கட்டு பழைய லெட்டர் பேடு, மத்ததெல்லாம் பேரன் பேத்திக சொல்ற வாய்ச்சொல். சிக்கல் இதுதான்:

தேதி ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரமாட்டேங்குது. நாலு பேர் எம்.பி.பி.எஸ்.ஸா, இல்லை எல்.எம்.பி.யான்னு (பழைய மெடிக்கல் ஸ்கூல் படிப்பு) தெரியலை. ரெண்டு குடும்பம் "தாலுகாவுலயே முதல் எக்ஸ்-ரே எங்க அப்பாருதான் வச்சாரு"ன்னு நிக்குது. "லேடி டாக்டரம்மா"ன்னு ஊரே சொல்ற ரெண்டு பேரோட முழுப் பேரே யாருக்கும் தெரியலை. எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

பழைய_கெஜட்:

பதிவு எண்ணுல இருந்து ஆரம்பிங்க. போட்டோ, பாராட்டெல்லாம் அப்புறம். நம்ம பக்கம் ராமசாமி, பழனிசாமி, பொன்னுசாமி, சுப்பிரமணியம்னு பேர் வச்ச டாக்டர் ஒவ்வொரு தாலுகாவுலயும் நாலு பேர் இருப்பாங்க. பதிவு எண் மட்டும்தான் ஒருத்தருக்கு ஒண்ணு.

மெட்ராஸ் மாகாணத்துல மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது 1914-ல. எல்.எம்.பி.க்காரங்களும் அதே பதிவேட்டுலதான் வருவாங்க. முதல்ல தேசிய மருத்துவ ஆணையத்தோட இணையதளத்துல இந்திய மருத்துவப் பதிவேட்டுத் தேடல் பக்கத்தைப் பாருங்க. கவுன்சில் பட்டியல்ல "தமிழ்நாடு" மட்டும் தேடிட்டு இல்லைன்னு விட்டுறாதீங்க. "மெட்ராஸ் மெடிக்கல் கவுன்சில்"னு தனியா ஒரு வரி இருக்கு, பழைய ஆளுக அதுலதான் கிடைப்பாங்க. பெங்களூரு, மைசூர் பக்கம் படிச்சவங்க மைசூர் கவுன்சில்லயும், பாலக்காடு வழியா வந்தவங்க திருவிதாங்கூர்-கொச்சி கவுன்சில்லயும் இருக்கலாம். கிடைச்சா அப்பா பேர், பட்டம், பாஸ் பண்ணின வருசம் மூணும் ஒரே இடத்துல வந்துரும்.

ஆன்லைன்ல எல்லாரும் ஏறலை. மிச்சப் பேருக்கு அச்சடிச்ச பழைய பதிவேட்டை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல கேட்டுப் பாக்கணும். உள்ளே போக அனுமதிக் கடிதம் வேணும், இப்பவே எழுதிப் போடுங்க. அங்க தேடும்போது ஈரோடு மாவட்டம்னு தேடி ஏமாறாதீங்க. 1979-க்கு முன்னாடி கோபியெல்லாம் கோயமுத்தூர் ஜில்லா. தாளவாடி, கொள்ளேகாலம் பக்கம் போய் வந்த டாக்டரா இருந்தா இன்னும் கவனம்: கொள்ளேகாலம் 1956 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லாவுலதான் இருந்துச்சு, அப்புறம்தான் மைசூருக்குப் போச்சு.

பேரை எல்லா எழுத்துக்கூட்டுலயும் தேடுங்க. ராமசாமிக்கு இங்கிலீசுல கடைசி எழுத்து ஐ-யும் வரும், ஒய்-யும் வரும். சாதிப் பட்டத்தோட பதிஞ்சிட்டு பின்னாடி வெட்டிக்கிட்டவங்க நிறைய.

பட்டத்துக்கு வர்றேன். எல்.எம்.பி.ன்னா ஏதோ கம்மின்னு நினைச்சு குடும்பமே எம்.பி.பி.எஸ்.னு மாத்திச் சொல்லும். தப்பு. அது மெடிக்கல் ஸ்கூல்ல முறையாப் படிச்சு வாங்கினது. ராயபுரம் ஸ்கூல்தான் 1938-ல ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ் ஆச்சு. அதனால "ஸ்டான்லியில எம்.பி.பி.எஸ்., 1931"ன்னு யாராவது எழுதிக் குடுத்தா அந்த வருசத்துல அங்க அந்தப் பட்டமே கிடையாது. அதே சமயம் ஒருத்தரே ரெண்டு பட்டமும் வச்சிருக்கலாம்: எல்.எம்.பி. முடிச்சவங்க சுதந்திரத்துக்குப் பின்னாடி சுருக்கப் படிப்பு படிச்சு எம்.பி.பி.எஸ். வாங்க வழி இருந்துச்சு. ரெண்டு வருசத்தையும் போடுங்க.

எல்.ஐ.எம்., ஜி.சி.ஐ.எம்.னு இருந்தா அது கீழ்ப்பாக்கம் இந்திய மருத்துவப் பள்ளி வழி. சித்தா, ஆயுர்வேதம், யுனானியோட அலோபதியும் சேர்த்துப் படிச்சவங்க. அந்த எழுத்துகளை அப்படியே அச்சடிங்க, "எம்.பி.பி.எஸ்.க்குச் சமம்"னு உங்க கையால எழுத வேண்டாம். சீமைப் பட்டம் இருந்தா அடைப்புக்குள்ள எந்த ஊர்னு பாருங்க. லண்டன் எஃப்.ஆர்.சி.எஸ். (அறுவைச் சிகிச்சைப் பட்டம்) ஆளுகளோட வாழ்க்கைக் குறிப்பு லண்டன் சர்ஜன்ஸ் கல்லூரியோட இணையதளத்துல இலவசமாவே இருக்கு. எடின்பரோ, கிளாஸ்கோன்னா அது வேற கல்லூரி, அங்க தேடினா வராது. எம்.ஆர்.சி.பி. (பொது மருத்துவப் பட்டம்) மட்டும் வாங்கினவங்க லண்டன் பிசிசியன்ஸ் கல்லூரிக் குறிப்புல வரமாட்டாங்க, அது ஃபெல்லோக்களுக்கு மட்டும்.

வாய்க்கா_மேடு:

மேல சொன்னது சரிங்க. தேதிக்கு மட்டும் சேர்த்துச் சொல்றேன்.

கருமாதிப் பத்திரிகையில பெருசா அச்சடிச்சிருக்கற தேதி காரியம் நடந்த தேதி. இறந்த தேதி சின்ன எழுத்துல மேல இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது. பாதித் தப்பு இங்கதான் வருது. தோட்டத்துச் சமாதிக் கல், வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் இந்த மூணுலயும் இறந்த நாள் வரும். கல்லை விடப் பத்திரத்தை நம்புங்க. கல்லு பல வருசம் கழிச்சு வச்சதா இருக்கும்.

இறப்புப் பதிவுக்கு இறந்த இடம்தான் கணக்கு, வீடு இல்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில உயிர் போயிருந்தா பதிவு கோயமுத்தூர் மாநகராட்சியில இருக்கும். உங்க பேரூராட்சியில "இல்லை"ன்னுதான் சொல்லுவாங்க.

தமிழ் வருசம் அறுபதுக்கு ஒருக்கா திரும்பும். விரோதிகிருதுன்னா 1911-12-ம் ஆகும், 1971-72-ம் ஆகும். இன்னொண்ணு, தை மாசி பங்குனின்னு இருந்தா இங்கிலீசு வருசம் ஒண்ணு கூடும். துர்முகி ஆவணின்னா 1956, துர்முகி தைன்னா 1957. தை 1-ஐ ஜனவரி 14-ன்னு வச்சு எண்ணிட்டு, கிழமை ஒத்து வருதான்னு பாத்து ஒரு நாள் முன்ன பின்ன தள்ளிக்கோங்க.

லேடி டாக்டரம்மாவுக்கு: பதிவேட்டுல அப்பா இனிசியல்லதான் இருப்பாங்க, கலியாணத்துக்கு அப்புறம் போர்டுல வேற இனிசியல். ஆஸ்பத்திரி இருந்த கட்டிடத்தோட சர்வே எண்ணைக் குடுத்து சார்பதிவாளர் ஆபீசுல வில்லங்கம் போடுங்க. வாங்கினதோ, பதிவு பண்ணின குத்தகையோ இருந்தா "இன்னார் மகள்" இல்லைன்னா "இன்னார் மனைவி"ன்னு முழுப் பேர் விழும். கிறிஸ்தவங்களா இருந்தா சர்ச் பதிவேடு. வேலூர்ல ஐடா ஸ்கடர் 1918-ல ஆரம்பிச்ச பெண்கள் மருத்துவப் பள்ளி முதல்ல எல்.எம்.பி.தான் குடுத்துச்சு, 1942-லதான் எம்.பி.பி.எஸ். வகுப்பு வந்துச்சு. அதையும் கணக்குல வச்சுத் தேடுங்க. அப்புறம், ஊர் "டாக்டரம்மா"ன்னு கூப்பிட்டது ஒரு மிட்வைஃபா இருக்கவும் வாய்ப்பிருக்கு. அப்படின்னா மிட்வைஃப்னே போட்டு அதே ரெண்டு பக்கம் குடுங்க. பிரசவம் பாத்த கை அதுதானே.

சீமை_ஓடு:

எக்ஸ்-ரே சண்டைக்கு ஒரு வழி. ரெண்டு குடும்பமும் பொய் சொல்லாம இருக்கலாம். அந்தக் காலத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள்ல ஸ்கிரீனிங் மட்டும் இருந்துச்சு. இருட்டு அறையில நோயாளியை நிக்க வச்சு நெஞ்சைத் திரையில பாக்கறது, ஃபிலிம் கிடையாது. ஊர்ல அதுவும் "எக்ஸ்-ரே"தான். ஒருத்தர் ஸ்கிரீனிங் வச்சிருப்பாரு, இன்னொருத்தர் ஃபிலிம் எடுத்திருப்பாரு. பழைய ஃபிலிம் உறை, ஹேங்கர், டார்க் ரூம் தொட்டி ஏதாச்சும் இருக்கான்னு கேளுங்க. மெசின்ல தகடு இருந்தா சீரியல் எண்ணைப் படம் எடுங்க.

வருசத்தை மின்சாரத்தோட உரசிப் பாருங்க. நீலகிரி பைக்காரா நீர்மின்சாரம் ஓட ஆரம்பிச்சதே 1932-ல. அதுக்கு முந்தி எக்ஸ்-ரேன்னா சொந்த ஜெனரேட்டர் இருந்திருக்கணும், அப்படி இருந்தா ஊர் அதை மறந்திருக்காது. மருந்தும் அப்படித்தான். சல்ஃபா மாத்திரை, அந்த எம் அண்ட் பி 693, வந்தது 1938-ல. பெனிசிலின் நம்ம ஊர் ஆளுகளுக்குக் கிடைச்சது ரெண்டாம் உலகப்போர் முடியற சமயத்துலதான். "1936-ல பெனிசிலின் ஊசி போட்டுக் காப்பாத்தினாரு"ன்னு வந்தா கதை நிசமா இருக்கும், வருசமோ மருந்தோ ஒண்ணு தப்பு.

எதுவும் முடிவாகலைன்னா "முதல்"ங்கற சொல்லையே எடுத்துட்டு "1950-களில் எக்ஸ்-ரே வைத்திருந்தார்"னு ரெண்டு பேருக்கும் போடுங்க.

பழைய_கெஜட்:

உள்ளடக்கம் பத்தி ஒரு வார்த்தை. "ஏழைப் பங்காளர், கைராசிக்காரர், சிரித்த முகம்"னு பதினாலு பேருக்கும் எழுதினா பதினாலும் ஒரே ஆளா ஆயிரும். கட்டணமே பேரா ஆயிர்றதும் உண்டு. 2016-ல மறைஞ்ச கோவை சித்தாபுதூர் டாக்டர் பாலசுப்பிரமணியத்தை "இருபது ரூபா டாக்டர்"னு சொன்னாத்தான் பலருக்குத் தெரியும். உங்க மலர்ல கட்டணத்தோட நிறுத்திராதீங்க.

தொழிலை எழுதுங்க. காலையில எத்தனை மணிக்குத் திறந்தாரு, ஊருக்குள்ள சைக்கிளா மாட்டு வண்டியா மோட்டார் சைக்கிளா, எந்தச் சந்தை நாள்ல கூட்டம், ராத்திரி பிரசவத்துக்கு யார் கூட வந்தது. 1957 ஏப்ரலுக்கு முந்தின கட்டணத்தை அணாவிலயே போடுங்க. டி.பி. நோயாளிகளைப் பெருந்துறை சானடோரியத்துக்கு எழுதி அனுப்பினாரா, அது எப்ப மாறுச்சு? வீட்டுல வச்சே மாத்திரை குடுத்தாலும் சானடோரியம் அளவுக்குக் குணமாகும்னு மெட்ராஸ் ஆய்வு 1959-ல சொன்னதுக்கு அப்புறம் ஊர் டாக்டரோட வேலையே மாறுச்சு. மில் பக்கம் இருந்தவருன்னா இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) டாக்டர் பேனல்ல இருந்தாரான்னு கேளுங்க, கோயமுத்தூர்ல அந்தத் திட்டம் 1955-ல ஆரம்பம். பருத்திக் காட்டுல மருந்தடிச்சு மயங்கி வந்தவங்களுக்கு அட்ரோபின் போட்டது, பாம்புக்கடி, பெரியம்மைத் தடுப்பூசி, இதெல்லாம்தான் ஒருத்தரோட முப்பது வருசம்.

இதை நல்லாச் சொல்லக்கூடியவங்க குடும்பம் இல்லை, கம்பவுண்டர். உசுரோட இருந்தா முதல்ல அவரைப் போய்ப் பாருங்க. மிக்சர் பாட்டில்ல ஒட்டற காகிதப் பட்டையை வெட்டிக் காட்டச் சொல்லுங்க. வெள்ளைத் தாளை நீளமா மடிச்சு ஓரத்துல கத்தரிச்சு விரிச்சா சமமாப் பல்லு பல்லா வரும். ஆறு பல்லுன்னா ஆறு வேளை, ஒரு வேளைக்கு ஒரு பல்லு இறங்கற வரைக்கும் குடிக்கணும். படிக்கத் தெரியாதவங்களுக்கும் அளவு தப்பாது. அந்தப் பட்டையை ஒரு பக்கத்துல படமாப் போட்டீங்கன்னா பத்து வரிப் பாராட்டை விட மேல்.

ஒண்ணு கண்டிப்பு. நோயாளி பேர் இருக்கற நோட்டுப் பக்கத்தை அச்சடிக்காதீங்க. டி.பி., குஷ்டம், கருக்கலைப்பு எல்லாம் அதுல இருக்கும், அந்தக் குடும்பங்க இன்னும் அதே வீதியில இருக்கு. கையெழுத்தைக் காட்டணும்னா பேரையும் ஊரையும் மறைச்சிட்டுப் போடுங்க.

கருங்கல்:

கல்வெட்டுக்கு மட்டும். மேட்டர் டைப் பண்ணினதை அப்படியே கடைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. அங்க பழைய எழுத்துரு மென்பொருளா இருந்தா யூனிகோட் எழுத்து மாறும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறும், "ஸ்ரீ" உடையும். பி.டி.எஃப். குடுங்க. கல்லு அளவுக்கே தாள்ல பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு குடும்பமும் அவங்க வரியில கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்தான் ஸ்டிக்கர் வெட்டச் சொல்லணும். கல்லுல விழுந்த எழுத்தை அழிக்கணும்னா முகத்தையே தேய்ச்சு மறுபடி பாலிஷ் போடணும்.

பேர் வரிசை அகர வரிசையோ, தொழில் தொடங்கின வருசமோ, ரெண்டுல ஒண்ணு. வேற எப்படி வச்சாலும் சண்டை. கீழ நாலு வரி இடம் காலியா விடுங்க.

பழைய போட்டோ கண்ணாடியோட ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, முகம் கண்ணாடியோட வந்துரும். சட்டத்தோட வச்சு, ஃப்ளாஷ் இல்லாம, ரெண்டு பக்கமும் சாய்வா வெளிச்சம் விட்டு எடுங்க. தனிப் போட்டோன்னா 600 டி.பி.ஐ. ஸ்கேன். பின்பக்கம் பேர் எழுதணும்னா பென்சில்.

கொடிவேரி:

ரொம்ப நன்றிங்க. பாதி வேலை தெளிவாயிருச்சு. ஒரு டாக்டர்கிட்ட மட்டும் முட்டி நிக்குது. கருமாதிப் பத்திரிகை "துர்முகி தை"ங்குது, அப்ப 1957. ஆனா அவர் பேர் போட்ட லெட்டர் பேடுல ஊர் பேருக்குப் பக்கத்துல ஆறு இலக்கப் பின்கோடு அச்சாகியிருக்கு. அவர்தான் ஆரம்பத்துல இருந்து நம்ம ஊர் டாக்டர்னு குடும்பம் சொல்லுது.

வாய்க்கா_மேடு:

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல. அதனால அந்தப் பேடு அவரோடது இல்லைங்க. நம்ம பக்கம் அப்பாரு பேரைத்தான் பேரனுக்கு வைப்பாங்க. பேரனும் டாக்டருக்குப் படிச்சு அதே கட்டிடத்துல உக்காந்திருப்பாரு. இனிசியலைப் பாருங்க, ஒரு எழுத்து மாறியிருக்கணும். பேடுல மாவட்டம் என்ன போட்டிருக்கு? "பெரியார் மாவட்டம்"னா (இப்ப ஈரோடு மாவட்டம்) 1979-க்குப் பின்னாடி, 1990-கள் பாதி வரைக்கும்.

கொடிவேரி:

பெரியார் மாவட்டம்தாங்க. இனிசியலும் வேற. இத்தனை நாளா ரெண்டு பேரை ஒருத்தரா எழுதி வச்சிருந்திருக்கோம். பட்டியல் பதினஞ்சு ஆச்சு.

பழைய_கெஜட்:

ரெண்டு பேரோட பதிவு எண்ணையும் தனித்தனியா எடுத்துட்டு அப்புறம் போட்டோவைப் பிரிங்க. அந்த எக்ஸ்-ரே யாரோடதுன்னும் மறுபடி கேக்கணும்.