கோழிக்கூட்டுக்குள்ள எலி: குஞ்செல்லாம் போகுது, நஞ்சு வைக்கலாமா?

போரதீவுப் பொடியன்:
வணக்கம். வெல்லாவெளிப் பக்கம் எங்கட வீடு. வளவுக்குள்ள 14 ஊர்க்கோழி நிக்குது, அதுல ரெண்டு பேடு குஞ்சோட. பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிஞ்ச கையோட எலியெல்லாம் வயலை விட்டு வளவுக்குள்ள இறங்கிட்டு. முதல்ல முட்டை காணாமப் போச்சு. இப்ப இராவோட இராவாக் குஞ்சும் போகுது. இரத்தமும் இல்ல, இறகும் இல்ல. கூட்டுக்குக் கோழிக்கம்பிதான் அடிச்சிருக்கு, கீழ மண் தரை, பின்னால விறகு அடுக்கிக் கிடக்கு. எலி நஞ்சு வாங்கி வை எண்டு அம்மா நிக்கிறா. கோழி மேயிற இடத்துல வைக்கப் பயமாக் கிடக்கு. யானைக்கு வேலி கேட்டே களைச்சுப்போன ஊரு இது, இப்ப எலிக்கும் வேலி அடிக்கணும் போல.

கல்லாறு அக்கா:
தம்பி, முதல்ல எலிதானா எண்டு பாருங்க. கீரி பகல்லதான் வரும். மரநாய் இராவில வந்தா பெரிய கோழியையும் விடாது, கடிச்சுக் குதறின அடையாளம் கிடக்கும். அடையாளமே இல்லாமக் குஞ்சும் முட்டையும் மட்டும் போனா எலி, இல்லாட்டிப் பாம்பு. பாம்பு முட்டையை முழுசா விழுங்கும், கோது மிஞ்சாது. எலி எண்டா பொந்தடியில கோது கிடக்கும்.

கூட்டைச் சுத்திப் பொந்து இருந்தா, பின்னேரம் பேப்பரைக் கசக்கி ஒரு தடியால தள்ளி அடைச்சிட்டு விடியப் பாருங்க. பேப்பர் வெளியில தள்ளிக் கிடந்தா உள்ளுக்கு ஆள் இருக்கு. கையை மட்டும் விட்டுராதீங்க, எலிப் பொந்துக்குள்ள நாகமும் படுக்கும்.

போரதீவுப் பொடியன்:
பார்த்தன் அக்கா. விறகடியில நாலு பொந்து. ரெண்டுல பேப்பர் வெளிய கிடந்துது, ஒண்டின்ட வாயில முட்டைக் கோது. எலிதான்.

வயல்காரன்:
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? நஞ்சை அரிசியோட பிரட்டிப் பொந்துக்குள்ள வைச்சுட்டு மூடு. நாங்க வயல்ல அப்பிடித்தான்.

ஏறாவூர் நானா:
வயலும் கோழி மேயிற வளவும் ஒண்டில்ல மச்சான். கடையில விக்கிற கட்டி நஞ்செல்லாம் கூடுதலா புரோமடியோலோன் மாதிரி, இரத்தத்தை உறைய விடாத சாமான். திண்ட எலி அந்த இடத்துலயே சாகாது. சில நாள் கழிச்சுத்தான், அதுக்குள்ள தள்ளாடிக்கிட்டு வளவெல்லாம் திரியும். கோழி சின்ன எலியைக் கண்டா விடுமா, கொத்தி விழுங்கிரும். பூனையும் தின்னும். நஞ்சு கோழிட ஈரல்லயும் முட்டையிலயும் தங்கும், அந்த முட்டையைத்தான் மறுகா பிள்ளைக்குப் பொரிச்சுக் குடுப்போம்.

கறுப்புப் பொடி, அதான் சிங்க் பொஸ்பைட், இன்னும் மோசம். வயித்துக்குள்ள போனா நச்சு வாயுவாகும், அதுக்கெண்டு மாத்து மருந்து கிடையாது. பொந்துக்குள்ள வைச்சாலும் எலி வெளியில இழுத்துப் போடும். தம்பி, உம்மாவுக்கு இதைச் சொல்லுங்க.

திருக்கோவில் கோழிக்காரி:
நானா சொன்னது சரி. நான் நஞ்சே வைக்கிறல்ல. எலி உங்கட கோழியைத் தேடி வரல்ல, தீனியைத் தேடி வந்துது. குஞ்சு அதுக்கு மேலதிகம். ஆனா ஒழுங்கு மாறினா கரைச்சல்: தீனியை முதல்ல நிப்பாட்டினா பசி கொண்ட எலி குஞ்சில பாயும். அதனால இண்டைக்கே ரெண்டு பேட்டையும் குஞ்சோட பலகைப் பெட்டிக்குள்ள விட்டு, வாய்க்கு அரை அங்குலக் கம்பி வலை அடிச்சு, மேசை உயரத்துல வையுங்க.

அதுக்குப் பிறகு தீனி. வளந்த கோழிக்கு ஒரு நாளைக்கு 100 – 120 கிராம் காணும், மேயிற ஊர்க்கோழிக்கு அதுவும் வேணாம். குருணலைப் பொழுதுபட முதல், அரை மணித்தியாலத்துக்குள்ள தின்னக்கூடிய அளவு மட்டும் போட்டு, மிச்சத்தைக் கூட்டி அள்ளுங்க. தட்டு இராவில கூட்டுக்குள்ள இருக்கவே கூடாது. குருணலும் தவிடும் சாக்கில வேணாம், பிளாஸ்டிக் வாளியையும் எலி கடிக்கும். மூடி இறுகின தகர டின்தான். முட்டையைப் பின்னேரமே எடுத்துருங்க.

விறகை அங்கால மாத்தி, நிலத்துல இருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்குங்க. வெட்டவெளியில நடக்க எலிக்குப் பயம்.

பொறிக்குச் சுட்ட தேங்காய்ச் சொட்டோ கருவாட்டுத் துண்டோ வையுங்க. புதுச் சாமானைக் கண்டா எலி சந்தேகப்படும், அதால முதல் சில நாள் பொறியை ஏத்தாமலே தீனியை மட்டும் வைச்சுப் பழக்குங்க. சுவரோரமா, சின்ன வாசல் வெட்டின பெட்டிக்குள்ள வைச்சா கோழிட கால் மாட்டாது. பொந்தை மூடுறது கடைசி வேலை. இப்ப மூடினா பக்கத்துல புதுசு கிண்டும்.

வயல்காரன்:
சீமெந்தும் மாவும் கலந்து வைச்சா எலி வயிறு இறுகிச் சாகுமெண்டு சொல்றாங்களே?

திருக்கோவில் கோழிக்காரி:
சொல்றாங்க. மாவைக் கோழிதான் முதல்ல கொத்தும்.

கல்லாறு அக்கா:
ஒண்டு விட்டுட்டம். எலிக்காய்ச்சல். எலிட மூத்திரம் பட்ட ஈர மண்ணுல, கால்ல வெடிப்பு புண்ணோட வெறுங்காலா நிக்காதீங்க. செத்த எலியைப் பொலித்தீன் பேக்கைக் கையில மாட்டித் தூக்கி ஆழமாப் புதையுங்க, சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. வயலுக்கும் இறங்கிற ஆள் எண்டா எலிக்காய்ச்சல் வராமத் தடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிப் பீ.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்க. காய்ச்சலோட கெண்டைக்கால் உளைஞ்சா பனடோலைப் போட்டுட்டுப் படுக்காம ஆசுபத்திரிக்குப் போய், எலி இருந்த இடத்துல வேலை செஞ்சதையும் சொல்லுங்க.

போரதீவுப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. பேடும் குஞ்சும் பெட்டிக்குள்ள, குஞ்சு போறது நிண்டிட்டு. அம்மாவும் நஞ்சுக் கதையை விட்டுட்டா. கூட்டுக்கும் அந்த அரை அங்குல வலையையே அடிக்கப் போறன், வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போறன். கூடு 6 அடிக்கு 4 அடி, உயரம் 3 அடி, மேல தகரம். எவ்வளவு வாங்க?

திருக்கோவில் கோழிக்காரி:
சுத்தளவு 20 அடி. 4 அடி அகல ரோல்ல 24 அடி வெட்டச் சொல்லுங்க, மூலைக்கும் கதவுக்கும் காணும். மூணடி மேல ஏறும், மிச்ச ஒரு அடியைக் கூட்டுக்கு வெளிப்பக்கமா நிலத்துல மடிச்சு, மண் போட்டுக் கல்லால அமத்துங்க. சுவரோரம் கிண்ட வாற எலி வலையில தட்டுப்படும், பின்னால போய்க் கிண்ட அதுக்குத் தெரியாது. பழைய கோழிக்கம்பியை நம்பாதீங்க, ஒரு அங்குலக் கண்ணால குட்டி எலி பூரும். தகரத்துக்கும் வலைக்கும் இடையில விரல் போற ஓட்டை இருந்தா அதையும் அடையுங்க.