டைகர் படம் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறேன்

நண்பர்களே, நம் காமிக்ஸ் நாயகன் கேப்டன் டைகரின் (மூலத்தில் இவர் பெயர் ப்ளூபெர்ரி) 'தங்கக் கல்லறை' கதையை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கே இல்லை. அதைத் தழுவி 2004இல் வந்த 'ப்ளூபெர்ரி' படத்தை நேற்றுதான் பார்த்தேன். டைகராக வின்சென்ட் கேசல். காமிக்ஸில் ராணுவ லெப்டினன்டாக இருந்தவர் இங்கே சட்டம் ஒழுங்கைக் காக்கும் மார்ஷல் ஆகிவிட்டார். சரி, டைகரின் நண்பர் ஜிம்மியாவது இருக்கிறாரே என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் கடைசியில் ஏதோ பானத்தைக் குடித்ததும் பாம்பும் பூச்சியுமாக நிமிடக்கணக்கில் ஓடுகிறதே, டிவிதான் கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன்!

அந்தக் காட்சிக்கு என்னதான் அர்த்தம்? டைகர் கதைகளின் ஓவியர் ஜிரோ 'மோபியஸ்' என்ற பெயரில் வரைந்த கனவுலகப் படங்களின் சாயலா? பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன். அப்புறம், புத்தகத்தை இப்போதுதான் முடித்த என் மகளுக்கு இதைக் காட்டலாமா?