போஸ்ட் என்பதற்கு 'முதற்சோதனை', 'தேறு': என் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

உதிரிபாகங்களைச் சேர்த்துப் புதிதாகப் பூட்டிய கணினியில் திரை வராவிட்டால் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நம் மடல்களில் தொடங்கிய பேச்சு, போஸ்ட் என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. மின்சாரம் ஏறியதும் கணினி தன் பாகங்களைத் தானே சோதித்துக்கொள்வதுதான் போஸ்ட். அது அங்கேயே நிற்கட்டும். இந்த ஒரு சொல்லுக்குத் தமிழ் சரியாக அமைந்துவிட்டால், பழுது பார்க்கிற வேலையில் பாதி முடிந்த மாதிரி.

சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலும் சரி, ஊர்ப்புறக் கடைகளிலும் சரி, எல்லோரும் சொல்வது 'டிஸ்ப்ளே வரவில்லை' என்பதுதான். மூன்று வெவ்வேறு நிலைகளுக்கு இந்த ஒரே வாக்கியம் பயன்படுகிறது. மின்சாரமே ஏறாமல் கிடக்கும் கணினி ஒன்று. மின்சாரம் ஏறி, விசிறிகள் சுற்றி, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்போது பாதியில் நின்றுவிட்ட கணினி இன்னொன்று. சோதனையை முடித்துவிட்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தும் படம் மட்டும் திரைக்கு வந்து சேராத கணினி மூன்றாவது. மூன்றிலும் திரை கறுப்புதான். ஆனால் பார்க்க வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் பெண் ஒருத்தி, அப்பா கொடுத்த பணத்தில் உதிரிபாகங்கள் வாங்கித் தானே கணினி பூட்டினாள். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது, விளக்குகள் எரிந்தன, திரை வரவில்லை. கடைக்குப் போன் செய்து 'டிஸ்ப்ளே வரவில்லை' என்றாள். 'போர்டு போயிருக்கும், கொண்டுவாருங்கள்' என்று பதில் வந்தது. நான் போய்ப் பார்த்தேன். தாய்ப்பலகையின் (மதர்போர்டு) வலது ஓரத்தில், மேலே, நான்கு சிறு விளக்குகள் இருந்தன. பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. முறையே செயலி, ராம் எனும் நினைவகம், படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி, இயங்குதளத்தை ஏற்றும் கட்டம் ஆகியவற்றில் எதில் கணினி நிற்கிறது என்று இவை காட்டும். டிராம் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பலகையில் ராம் ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம்தான் கொக்கி உண்டு, மறுமுனை அசையாதது. கொக்கி உள்ள முனை பூட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் தங்க நிறத் தொடுமுனைகள் நூலிழை அளவுக்கு வெளியே தெரிந்தன. மின்சாரத்தைத் துண்டித்து, ராமைக் கழற்றி, இரண்டு முனைகளையும் கட்டைவிரல்களால் சமமாக அழுத்தினோம். 'டக்' என்று உட்கார்ந்தது. அதன் பிறகும் உடனே திரை வரவில்லை. டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் போட்ட பலகைகள் முதல் முறை ஓடும்போது ராமுக்கு ஏற்ற வேகத்தையும் நேரக் கணக்கையும் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். அவள் அப்பா சுவிட்சை அணைக்கப் போனார், நான் தடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பலகை நிறுவனத்தின் முத்திரை திரையில் வந்தது.

'முதற்சோதனையில் தேறவில்லை, ராமில் நிற்கிறது' என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால், போர்டு போயிருக்கும் என்ற பேச்சு எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி சொல்லுக்கு வருவோம். போஸ்ட் என்பது 'பவர்-ஆன் செல்ஃப்-டெஸ்ட்' என்பதன் சுருக்கம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலேயே இது உண்டு. அதில் சோதனை நல்லபடியாக முடிந்தால் ஒரு குட்டை 'பீப்' ஒலி கேட்கும். முந்தைய மடல்களில் 'மின்தொடக்கத் தன்சோதனை' என்று ஒருவரும், 'சுயபரிசோதனை' என்று இன்னொருவரும் எழுதியிருந்தார்கள். முதலாவது பொருளில் துல்லியமானது. ஆனால் போனில் பேசும்போது யாரும் அதை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது, மனிதர் தம் நடத்தையைத் தாமே எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்கெனவே வழங்குகிற சொல், கணினிக்குப் பொருந்தாது. 'தொடக்கச் சோதனை' எனலாமா என்றும் யோசித்தேன். பூட் என்பதைப் பலரும் 'தொடக்கம்' என்றே எழுதுவதால் இரண்டும் குழம்பிவிடும். போஸ்ட் முடிந்த பிறகுதான் பூட். ஆகவே, பெயர்ச்சொல்லுக்கு 'முதற்சோதனை' போதும். சோதிப்பது யார் என்ற கேள்வி இங்கே எழாததால் 'தன்' என்ற முன்னொட்டும் வேண்டாம்.

ஆனால் பெயர்ச்சொல்லைவிட நமக்கு அதிகம் தேவைப்படுவது வினைச்சொல். ஆங்கிலத்தில் போஸ்ட் என்பதையே வினையாகவும் சொல்கிறார்கள். நாமும் 'போஸ்ட் ஆகவில்லை' என்கிறோம். இதற்குத் தமிழில் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. பையன் பரீட்சையில் தேறினான் என்கிறோமே, அந்தத் 'தேறு' போதும். கணினி தேறியது, தேறவில்லை, இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன டிடிஆர்5 காத்திருப்புக்குக் கடைசி வடிவம் அப்படியே பொருந்துகிறது. சோதனை முடிந்ததும் வரும் ஒலியைத் 'தேர்ச்சி ஒலி' எனலாம்.

'தேறாது' என்றால் உருப்படாது என்று பொருளாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 'இந்த வண்டி தேறாது' என்றால் இனி அதில் பயனில்லை என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆனால் பழுது பார்க்கும் இடத்தில் நாம் சொல்லப்போவது 'தேறாது' அல்ல, 'தேறவில்லை'. பையன் கணக்கில் தேறவில்லை என்றால் அடுத்த முறை எழுதித் தேறுவான் என்ற இடம் அதில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தமிழ் பேசும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு சொற்களும் கையில் இருந்தால் கறுப்புத் திரை எந்த வகை என்று பிரித்துச் சொல்வது எளிது. விசிறியே சுற்றவில்லை என்றால் 'மின்சாரம் ஏறவில்லை'. மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச், 24 முனைக் கேபிள், முன்பக்கப் பொத்தானின் மெல்லிய கம்பிகள் என்று பார்த்தால் போதும். சுற்றியும் சிபியு அல்லது டிராம் விளக்கு நிலைத்து நின்றால் 'தேறவில்லை'. புதிதாகப் பூட்டுபவர்கள் அதிகம் மறப்பது பலகையின் மேல் மூலையில் செருக வேண்டிய 8 முனை சிபியு கேபிளை. விசிறிகள் அது இல்லாமலும் சுற்றும் என்பதால் சந்தேகமே வராது. பி450 போன்ற பழைய பலகையில் அதற்குப் பின் வந்த ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை சிபியு போட்டிருந்தால், பலகையில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும்வரை தேறாமல் போகலாம்.

மூன்றாவது நிலை: 'தேறியது, படம் வரவில்லை'. நம்லாக் விசையை அழுத்தும்போது கீபோர்டு விளக்கு மாறி மாறி எரிந்தால் பெரும்பாலும் இதுதான். கிராபிக்ஸ் கார்டு போட்டுவிட்டு எச்டிஎம்ஐ கேபிளைத் தாய்ப்பலகையில் செருகியிருப்பார்கள். கேபிளை இடம் மாற்றினால் வேலை முடிந்தது. அதே கேபிள், அதே இடம், ஆனால் இன்டெலின் எஃப் எழுத்தில் முடியும் சிபியு, கிராபிக்ஸ் கார்டும் இல்லை என்றால், படத்தை உருவாக்கவே அங்கே ஆளில்லை. விஜிஏ விளக்கு எரியும். பல பலகைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அதுவும் 'தேறவில்லை' வகைதான்.

பலகையின் ஓரத்தில் இருக்கும் நான்கு விளக்குகளை நான் 'சோதனை விளக்குகள்' என்றே எழுதிவருகிறேன். விலை கூடிய பலகைகளில் அவற்றோடு இரண்டு இலக்கக் குறியெண் காட்டும் சிறு திரையும் உண்டு. அதற்கு 'சோதனைக் குறியெண்' போதுமா, 'நிலைக் குறியெண்' பொருத்தமா என்பதில் எனக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. குறியெண் கோளாறைச் சொல்லும்போது மட்டும் வருவதில்லை, ஒவ்வொரு கட்டம் கடக்கும்போதும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் எனக்கு இரண்டாவது பக்கமே சாய்வு. கடைகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் யாராவது, வாடிக்கையாளரிடம் பேசும்போது எது நாவில் எளிதாக வருகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.