பழசுக்கு ஏங்கறது ஞாபகக் கோளாறா, இல்ல நெஜமாவே எதையோ தொலைச்சிட்டோமா?

ரிவர்ஸ்கியர்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு பெருமூச்சு விடறவங்க எந்தக் காலத்தச் சொல்றீங்கன்னு யாராவது கொஞ்சம் விளக்குங்கப்பா. 1990-ல உலகத்துல 1000 குழந்தை உயிரோட பொறந்தா அதுல 93 குழந்தை அஞ்சு வயசு தாண்டறதுக்குள்ள செத்துப்போச்சு, 2022-ல அது 37. பெரியம்மை ஒழிஞ்சிடுச்சுன்னு அறிவிச்சதே 1980-லதான், அதுக்கு முன்னாடி அந்த நூற்றாண்டுல மட்டும் சுமார் 30 கோடிப் பேரை அது கொன்னிருக்கும்னு கணக்கு சொல்றாங்க. இதெல்லாம் தெரிஞ்சும் ஏங்கறீங்கன்னா காலம் நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம் இல்ல, உங்க ஞாபகம் உங்கள ஏமாத்துதுன்னுதான் அர்த்தம். 1997-ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கலிபோர்னியாவுல மூணு வாரம் சைக்கிள் டூர் போனவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி, போற வழியில, திரும்பி வந்த பிறகுன்னு மூணு தடவையும் கேட்டிருக்காங்க. போகும்போது கடுப்பா இருந்தவங்க கூட வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல "ஆஹா என்னா டூரு"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. மூணு வார சைக்கிள் பயணத்துக்கே இந்தக் கதின்னா முப்பது வருஷத்துக்கு என்ன பூச்சு பூசியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

மாலைநேரம்:
பாஸ், பெரியம்மைக்கு ஏங்கினவன் ஒருத்தனக் காட்டுங்க, நான் இந்தப் பக்கமே வரல. அந்தக் காலத்துல யார் யார் கூட இருந்தாங்கன்னுதான் மனுஷன் ஏங்கறான், எவனும் அந்த வருஷத்தோட புள்ளிவிவரத்துக்கு ஏங்கல. நீங்க எண்ணிக் காட்டறது ஒண்ணு, அவங்க தேடறது வேற ஒண்ணு.

சும்மா_ஒருத்தன்:
நேத்து சாயங்காலம் வரைக்கும் நெட் நல்லா வேலை செஞ்சுது. அது ஒரு பொற்காலம்.

நரம்புநோட்டு:
ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை சொல்றேன், ஏன்னா இந்த ஏக்கத்தை முதல்ல நோய்னு எழுதி வச்சவங்க டாக்டருங்கதான். 1688-ல சுவிட்சர்லாந்துல பாசல் பல்கலைக்கழகத்துல யோஹன்னஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர் இதப்பத்தி ஆய்வேடு எழுதினார். ஊரை விட்டு வெளியூர்ல இருக்கறவங்களுக்குத் தூக்கம் போச்சு, பசி போச்சு, காய்ச்சல் வருது, எந்நேரமும் வீட்டு நெனப்பு. அதுக்கப்புறம் கூலிக்குச் சண்டை போடப் போன சுவிஸ் சிப்பாய்ங்களோட நோய்னே இதுக்குப் பேராயிடுச்சு. ஷாய்க்ஸர்னு ஒருத்தர் மலையில இருந்து கீழ இறங்கினதால காத்தழுத்தம் கூடி ரத்த ஓட்டம் கெட்டுடுச்சுன்னு கூட விளக்கம் குடுத்தார். சிரிக்காதீங்க, அமெரிக்க உள்நாட்டுப் போர் வரைக்கும் இது சீரியஸா ஓடுச்சு, வடக்குப் படை டாக்டருங்க 5000-க்கு மேல ஆளுங்களுக்கு இதே நோய்னு பதிவு பண்ணியிருக்காங்க, அதுல சாவும் உண்டு.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரிவர்ஸ்கியர் சொல்றதுல பாதிக்கு ஆதாரம் பலமா இருக்கு. கெட்ட சம்பவத்தோட வலி நல்ல சம்பவத்தோட சந்தோஷத்த விட வேகமா மங்குதுன்னு பல ஆராய்ச்சியில வந்திருக்கு, சம்பவம் மறக்கறதில்ல, அதோட காரம்தான் கொறையுது. மனச்சோர்வுல இருக்கறவங்களுக்கு இந்த மங்கல் சரியா நடக்கறதில்லங்கறதையும் சேர்த்துப் பாருங்க, அப்ப இது கோளாறுன்னு சொல்றதா, நல்லபடி ஓடற மனசோட வேலைன்னு சொல்றதா?

இன்னொண்ணு. நாப்பது தாண்டினவங்ககிட்ட வாழ்க்கைல ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்கன்னா பத்து வயசுல இருந்து முப்பது வயசுக்குள்ள நடந்ததுதான் குவிஞ்சு வரும். உடனே "பாத்தீங்களா, எல்லாரும் அவங்க இளமைக்குத்தான் அழறாங்க"ன்னு சொல்லத் தோணும். ஆனா ஸ்பானிஷ் பேசற, அமெரிக்காவுக்குக் குடியேறின வயசானவங்கள வச்சு 1998-ல ஒரு ஆய்வு வந்துச்சு. முப்பத்தஞ்சு வயசு வாக்குல குடியேறினவங்களுக்கு அந்தக் குவியல் அந்த வயசுக்கு நகர்ந்து போயிருக்கு. அப்ப வயசு மட்டும் காரணம் இல்ல. வாழ்க்கை தலைகீழா மாறி எல்லாமே புதுசா இருந்த காலம் எதுவோ, மூளை அதத்தான் தடிப்பா எழுதி வைக்குது.

ரிவர்ஸ்கியர்:
நரம்புநோட்டு சார், அருமை, ஆனா நீங்க என் கட்சிக்குத்தான் பாயிண்ட் எடுத்துக் குடுத்திருக்கீங்க. புதுசா இருந்ததால தடிப்பா பதிஞ்சுது, வலி மங்கிடுச்சு, மிச்சம் இருக்கறது மினுமினுன்னு இருக்கு, இத வச்சுக்கிட்டு "இப்ப மனுஷங்களே சரியில்ல"ன்னு தீர்ப்பு சொல்றாங்களே அதுதான் எனக்கு ஆகாது. 2023-ல நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு, 1949-ல இருந்து எடுத்த சர்வேக்கள அலசியிருக்காங்க, கொறஞ்சது 60 நாடு. எல்லா நாட்டுலயும் ஜனங்க நேர்மையும் அன்பும் கொறஞ்சுக்கிட்டே வருதுன்னுதான் சொல்றாங்க. ஆனா "இப்ப உன்னைச் சுத்தி இருக்கறவங்க எப்படி"ன்னு வருஷா வருஷம் கேட்டதுக்கு வந்த பதில் பெருசா மாறவே இல்ல. அதைவிடக் கூத்து, எப்ப இருந்து கெட்டுச்சுன்னு கேட்டா அவங்கவங்க பொறந்த சமயத்துல இருந்துன்னு வருது. அறுபது வயசுக்காரருக்கும் முப்பது வயசுக்காரருக்கும் உலகம் வேற வேற தேதியில கெட்டுப்போயிருக்கு.

இருபத்தொண்ணு:
நான் இங்க இருக்கறதுலயே சின்னவன்னு நெனக்கறேன். எனக்கு ஒரு டவுட்டு. கேசட்டு, லேண்ட்லைன், கைல எழுதின லெட்டர் இதெல்லாம் நான் யூஸ் பண்ணதே கிடையாது ஆனா அதப்பத்தி வீடியோ பாத்தா நெஞ்சுல என்னமோ பண்ணுது. எனக்குத்தான் பழைய காலமே இல்லையே, அப்ப இது எந்த ஞாபகம் ஏமாத்தறது?

மாலைநேரம்:
தம்பி சரியான கேள்வி கேட்டுட்டான், ரிவர்ஸ்கியர் பதில் சொல்லட்டும்.

ரிவர்ஸ்கியர்:
மார்க்கெட்டிங் தம்பி. அமெரிக்காவுல 2022-ல சிடிய விட வினைல் ரெக்கார்டு அதிகம் வித்துச்சு, 1987-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. கேக்கறதுக்கு ப்ளேயர் இல்லாதவங்களும் அட்டைக்காகவே வாங்கறாங்க. நோக்கியா 3310 போனை 2017-ல மறுபடி கொண்டுவந்தாங்களே, பழைய போன் இல்லாம யாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்களா? ஏக்கத்தைத் தயார் பண்ணி டப்பாவுல போட்டு விக்கறாங்க, அவ்ளோதான்.

நரம்புநோட்டு:
மார்க்கெட்டிங் மட்டும்னா 2013-ல வந்த இந்த ஆய்வுக்கு என்ன சொல்வீங்க. இருபது வயசுப் பசங்களுக்கு 1955-ல இருந்து 2009 வரைக்கும் ஹிட்டான பாட்டுகளப் போட்டுக் காட்டி எது மனசுக்கு நெருக்கம்னு கேட்டாங்க. அவங்க காலத்துப் பாட்டு மேல வந்தது சரி, ஆனா 1980-கள் ஆரம்பத்துப் பாட்டுக்கும் ஒரு மேடு வந்துச்சு. அது அவங்க அப்பா அம்மா இளவட்டமா இருந்த சமயம். அறுபதுகளுக்கும் ஒரு சின்ன மேடு. யாரும் விக்காமயே வீட்டுக்குள்ள ஏக்கம் கைமாறி வருது. இருபத்தொண்ணு, நீ உன் ஞாபகத்துக்கு ஏங்கல, யாரோ உன்கிட்ட சொல்லிச் சொல்லி உன்னோடதாவே ஆகிட்ட ஞாபகத்துக்கு ஏங்கற.

இருபத்தொண்ணு:
இது இன்னும் சோகமா இருக்கே ப்ரோ

சும்மா_ஒருத்தன்:
பரம்பரைச் சொத்துல இது ஒண்ணுதான் தகராறு இல்லாம பங்கு கிடைக்கும் தம்பி, வச்சுக்கோ.

கலைவாணி_எழுதுவது:
எல்லாரும் ஒரு கேள்விய மட்டும் தாண்டித் தாண்டிப் போறீங்க. யாரோட பழைய காலம்? அந்த சுவிஸ் சிப்பாய் நெனச்சு நெனச்சு உருகின நாட்டுல பொம்பளைங்களுக்கு தேசிய அளவுல ஓட்டு கிடைச்சது 1971-ல. அங்க ஒரு கேன்டன்ல, அதாவது நம்ம ஊர் மாநிலம் மாதிரி ஒண்ணுல, உள்ளூர் ஓட்டுக்கு 1990 வரைக்கும் கோர்ட்டு படியேற வேண்டியிருந்துச்சு. பழைய காலம் சொகமா தெரியறது அப்ப சொகமா உக்காந்திருந்தவங்களுக்குத்தான், பரிமாறிட்டு நின்னவங்கள யாரும் கேக்கறதில்ல. அதனால ரிவர்ஸ்கியர் பக்கம்தான் நானும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆனா ஒரு இடத்துல இந்தக் கணக்கு எனக்கு இடிக்குது. எங்கம்மா பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும், நான் கண்ணால பாத்திருக்கேன். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஊர் அடங்கின பிறகு படுக்கறது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாது, படிக்க ஆசைப்பட்டு முடியாமப் போனது, இதுல எதையுமே அவங்க மறக்கல. யார் என்ன சொன்னாங்க, எந்த வருஷம், எந்தக் கெழமைன்னு வரிசையாச் சொல்வாங்க, குரல்ல இன்னும் கோவம் இருக்கும். சொல்லி முடிச்சிட்டு "ஆனாலும் அப்ப நல்லா இருந்துச்சுடி"ன்னுவாங்க. இத எந்த மங்கலாகுற ஞாபகத்துல சேக்கறது? வலியும் பளிச்சுன்னு இருக்கு, ஏக்கமும் பளிச்சுன்னு இருக்கு. நான் கவனிச்ச வரைக்கும் அவங்க கதையில எப்பவும் இன்னும் ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க, கூட வேலை செஞ்சு கூட திட்டு வாங்கி ராத்திரி ஒண்ணா உக்காந்து சிரிச்சவங்க. அந்தக் கஷ்டம் நெஜம்னு சாட்சி சொல்ல இப்ப அவங்க ரெண்டு பேரும் இல்ல. இப்ப அம்மாவுக்கு வசதி இருக்கு, சாட்சி இல்ல.

மாலைநேரம்:
மேடம் இதத்தான் நான் முதல்ல இருந்து சொல்ல வந்தேன், உங்க அளவுக்குச் சொல்ல வரல. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துல இதையே வேலையா வச்சு ஒரு குழு இருக்கு, 2006-ல அவங்க போட்ட ஆய்வுல இந்த ஏக்கத்தைக் கெளப்பி விடறதுல தனிமை முன்னாடி நிக்குது, ஏக்கம் வந்த பிறகு "நமக்குன்னு ஆளுங்க இருக்காங்க"ங்கற உணர்வு கூடுது. ஜனங்க எழுதிக் குடுத்த பழைய கதைகள்ல பெரும்பாலும் கூட யாராவது இருக்காங்க, அதுலயும் கெட்டதுல ஆரம்பிச்சு நல்லதுல முடியற கதைங்க நெறைய. அதாவது கஷ்டத்தை அழிச்சிட்டு ஏங்கல, கஷ்டத்தையும் உள்ள வச்சுக்கிட்டே ஏங்கறாங்க. டாக்டருங்க 1688-ல நோய்னு எழுதினது மருந்தோட வேலையச் செய்யுதுன்னு தோணுது எனக்கு.

ரிவர்ஸ்கியர்:
கலைவாணி மேடம், உங்கம்மா சொல்றதுக்கு என்கிட்ட எதிர்ப்பு இல்ல, அது அவங்க துக்கம். எனக்குப் பிரச்சனை அந்த வாக்கியத்தோட மேலதான். "அவங்க ரெண்டு பேரும் இல்லாம கஷ்டமா இருக்கு"ன்னு சொன்னா யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. "அப்ப நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லும்போது அதக் கேக்கற பேரப்புள்ளைங்க காலத்தையே நல்ல காலம்னு எடுத்துக்குதுங்க. அதுக்கப்புறம் மேடையில ஒருத்தன் ஏறி "இழந்த பெருமையை மீட்போம்"னு கத்தினா கை தட்டறதுக்குக் கூட்டம் தயாரா இருக்கு. எந்த நாட்டு அரசியல எடுத்தாலும் இந்தக் கோஷம் இருக்கும். எந்த வருஷப் பெருமைன்னு மட்டும் எவனும் சொல்ல மாட்டான், சொன்னா போய் சரிபாத்துடுவோம்ல.

நரம்புநோட்டு:
இதுக்கு ஸ்வெட்லானா பாய்ம் ஒரு கோடு போட்டிருக்காங்க. ரஷ்யாவுல பொறந்து ஹார்வர்டுல பாடம் நடத்தினவங்க. இடிஞ்சு போனதை அப்படியே திருப்பிக் கட்டணும்னு நிக்கற ஏக்கம் ஒரு வகை, திரும்பாதுன்னு தெரிஞ்சே நெனச்சுப் பாக்கற ஏக்கம் இன்னொரு வகைன்னு பிரிச்சாங்க. உங்க மேடைக்காரன் முதல் வகை, கலைவாணியோட அம்மா ரெண்டாவது.

ரிவர்ஸ்கியர்:
கோடு பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு சார். கிழக்கு ஜெர்மனியப் பாருங்க. ட்ரபான்ட் கார் புக் பண்ணா கைக்கு வர பத்து வருஷத்துக்கு மேல ஆகும், வேவு பாக்க வீட்டுக்கு வீடு ஆளு. பெர்லின் சுவர் இடிஞ்ச கொஞ்ச வருஷத்துல அதே காருக்கு ரசிகர் மன்றம். ரெண்டாவது வகையா ஆரம்பிச்சது எப்ப முதல் வகையா மாறும்னு யாரு காவல் காக்கறது?

கலைவாணி_எழுதுவது:
அந்தக் காருக்கு மன்றம் வச்சவங்கள்ல எத்தனை பேரு சுவரைத் திருப்பிக் கட்டச் சொன்னாங்க? பத்து வருஷம் வரிசையில நின்னவன் தன் வாழ்க்கையில பத்து வருஷத்த அதுல போட்டிருக்கான். நாடே ஒரே நாள்ல "அதெல்லாம் குப்பை"ன்னு சொன்னா அவன் பத்து வருஷமும் குப்பையா? நீங்க அவன்கிட்ட போய் புள்ளிவிவரம் படிச்சா அவன் மேடைக்காரன்கிட்டதான் போவான், ஏன்னா மேடைக்காரன் பொய்யாவாவது "நீ வாழ்ந்தது வீண் இல்ல"ன்னு சொல்றான். கூட்டம் சேக்கறது யாருன்னு இப்ப சொல்லுங்க.

சும்மா_ஒருத்தன்:
ரிவர்ஸ்கியர் டைப் பண்ணிக்கிட்டே இருக்கார். அஞ்சு நிமிஷமா.

ரிவர்ஸ்கியர்:
சரி ஒரு சோதனை வைக்கறேன். ஏக்கம் ஆளுங்களுக்காகத்தான்னா, கூட இருந்த ஆளுங்க எல்லாரும் இன்னும் உயிரோட, போன் தூரத்துல இருக்கறவங்களுக்கு ஏக்கமே வரக்கூடாது. ஆனா வருது. காலேஜ் முடிச்ச பசங்க குரூப்பு ஒண்ணு விடாம எல்லாத்துலயும் பழைய போட்டோதான் ஓடுது, அத்தனை பேரும் நல்லாத்தானே இருக்கான்?

மாலைநேரம்:
ஆளு இருக்கான் பாஸ், ஆனா ஒரே நேரத்துல ஒண்ணும் செய்யாம ஒரே இடத்துல உக்காந்திருக்க மாட்டேங்கறான். அப்ப நமக்குக் கிடைச்ச பெரிய வசதி அதுதான். யாரும் யாரையும் "எப்ப ஃப்ரீ"ன்னு கேட்டதில்ல.

ரிவர்ஸ்கியர்:
அது காலத்தோட தப்பு இல்லையே, உங்க காலண்டரோட தப்பு. இங்க பெருமூச்சு விடற நேரத்துல அவனுக்கு ஒரு போனப் போட்டா முடிஞ்சுது.

மாலைநேரம்:
போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்"னு ஆட்டோமேட்டிக் மெசேஜ் வந்துச்சு.

இருபத்தொண்ணு:
என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு இப்ப பக்கத்து ரூம்லதான் இருக்கானுங்க, கத்திக்கிட்டு கேம் ஆடறானுங்க, தலைவலிக்குது. இதுக்குமா ஒருநாள் ஏங்குவேன்?

கலைவாணி_எழுதுவது:
போய் நீயும் ஆடு போ.